மின்வெட்டிலும் பெருகும் மீன்கள்: தாம்வேயில் ஒரு வண்ணமீன் கடை

மியான்மரின் யாங்கோன் நகரில் வண்ணமீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாங்கிய மீன் வீட்டுத் தொட்டியில் பிழைத்துக் குஞ்சு போட்டு, அந்தக் குஞ்சுகளும் யாருடைய கையும் படாமல் வளர்ந்து பெருக வேண்டும் என்று விரும்புகிறவருக்கு எல்லாக் கடைகளும் உதவுவதில்லை. வெளிநாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்திறங்கிய மீனைச் சில நாள் தொட்டியில் விட்டு, அது இளைக்கத் தொடங்குமுன் விற்றுவிடுவதே பெரும்பாலான கடைகளின் வியாபாரம். தாம்வே வட்டாரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில், தங்கமீன் படம் மட்டும் வரைந்த தகரப் பலகையோடு இயங்கும் சிறிய கடை இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கிறது. அங்கே விற்கும் மீன்களில் பெரும்பகுதி அக்கடையின் பின்கட்டிலேயே பிறந்தவை. அதனால்தான் அதைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

கடையின் முன்பகுதி குறுகலானது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டு அடுக்குகளில் கண்ணாடித் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் விளக்குக் கிடையாது. பின்கட்டில், பச்சை நிழல்வலைக்குக் கீழே, சிமென்ட் தொட்டிகளும் பழைய தண்ணீர்ச் சாடிகளும் வரிசையாக நிற்கின்றன. கடையை நடத்துபவர் நம்மவர், வயதில் மூத்தவர். தமிழர்கள் அவரை 'மாமா' என்றும் பர்மியர்கள் 'சயா' என்றும் அழைக்கிறார்கள். எந்த மீன் வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. வீட்டில் ஓடுவது நகராட்சிக் குழாய்த் தண்ணீரா, குழாய்க்கிணற்றுத் தண்ணீரா; வீடு எத்தனாவது மாடி; ஒரு நாளில் மின்சாரம் எத்தனை மணி நேரம் இருக்கிறது: இந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேச்சைத் தொடர்கிறார். 'ஆறாவது மாடி, மேலே தகரக் கூரை' என்று ஓர் இளைஞர் சொன்னபோது, 'அப்படியானால் இறால் வேண்டாம் தம்பி, சித்திரை வரைக்கும் தாங்காது' என்று கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார். விற்கக்கூடிய பொருளை விற்காமல் விடுகிற கடைக்காரரை இவ்வூரில் அடிக்கடி பார்க்க முடிவதில்லை.

இந்த மூன்று கேள்விகளுக்கும் உறுதியான காரணம் உண்டு. தானாகக் குஞ்சு போடும் மீன் என்று நூல்கள் தரும் பட்டியல்களில் பல, குளிர்நாட்டு வீடுகளையும் நாள் முழுவதும் ஓடும் இயந்திரங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. யாங்கோனில் ஏப்ரல் மாதத்தில் பகல் வெப்பம் 37 டிகிரியை எட்டுவது வழக்கம். கூரைக்கு அடியிலுள்ள வீட்டில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் போவது வியப்பில்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அது தாங்கும் உயிர்வளியின் அளவு குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அதே வெப்பத்தில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் உயிர்வளியோ கூடுகிறது. இந்த நிலையில் மின்சாரமும் போய் ஏர் பம்ப் நின்றுவிட்டால், முட்டை இடுவது இருக்கட்டும், மீன் உயிரோடு இருப்பதே பெரும்பாடு. ஆகவே நம் ஊரில் குறைந்த கவனிப்பில் பெருகும் மீன் எது என்று தேடுகிறவர், பம்ப் இல்லாமலும் வெப்பத்திலும் நலமாக இருக்கும் மீன் எது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடைக்காரரின் தேர்வு முழுவதும் இந்த அடிப்படையில் அமைந்திருக்கிறது.

அவர் முதலில் காட்டுவது கப்பி. வெனிசுவேலா, கயானா, டிரினிடாட் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் கொசுப்புழுவைத் தின்பதற்காகவே பல நாடுகளின் குளங்களிலும் சாக்கடைகளிலும் விடப்பட்டது. டெங்கு பரவும் மழைக்காலத்தில் தண்ணீர்ச் சாடிகளில் நாலைந்து கப்பிகளை விட்டு வைப்பது நம் தெருக்களிலும் காணக்கூடியதே. இது முட்டையிடாமல் குஞ்சு போடும் இனம். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வெப்பமான தண்ணீரில் அதற்கும் முன்பாகவே, ஒரு தாய் இருபது முப்பது குஞ்சுகளை ஈனும். பெரிய தாயானால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஒருமுறை இணைந்த பெண் மீன் ஆணின் விந்தணுவை உடலில் சேமித்து வைத்துக்கொண்டு, அதன் பின்னர் ஆணையே காணாமல் பல ஈற்றுகளை ஈன வல்லது. எனவே, 'பெண் மட்டும் வாங்கினால் பெருகாது' என்று எண்ணித் தனிப் பெண்களை வாங்கிச் செல்பவர்கள் சில வாரங்களில் தொட்டி நிறையக் குஞ்சுகளைப் பார்ப்பார்கள். கடையில் உள்ள பெண் கப்பிகள் எல்லாமே சினையோடுதான் கைமாறுகின்றன என்பதைக் கடைக்காரர் மறைப்பதில்லை.

கப்பி பெருகாமல் போவதற்குத் தாய் குஞ்சு போடாதது காரணமாவது அரிது. போட்ட குஞ்சைப் பெரிய மீன்கள் தின்றுவிடுவதுதான் காரணம். இதற்குப் பலரும் பிளாஸ்டிக் பிரசவப் பெட்டி வாங்குகிறார்கள். சினைமீனை அந்தச் சிறு பெட்டிக்குள் அடைப்பது அதற்கு மிகுந்த மன உளைச்சலைத் தருவதோடு, வெயில் நாளில் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கிச் சூடேறவும் இடமளிக்கிறது. இக்கடையில் அந்தப் பெட்டி விற்பனைக்கே இல்லை. அதற்குப் பதிலாக, கப்பி வாங்குபவர் கையில் ஒரு பிடி வேலம்பாசியையும், கொஞ்சம் ஆகாயத்தாமரையையும் விலையில்லாமல் கொடுத்தனுப்புகிறார்கள். ஆகாயத்தாமரையின் வேர்கள் மேற்பரப்பிலிருந்து அடர்த்தியாகத் தொங்கும். பிறந்த குஞ்சுகள் மேலே நீந்தி வந்து அந்த வேர்களுக்குள் ஒளிந்துகொள்ளும். வேர்களில் படியும் நுண்ணுயிர்களே அவற்றின் முதல் உணவாகவும் ஆகின்றன. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட 54 லிட்டர்த் தொட்டியில், மேற்பரப்பில் பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தால், ஓர் ஈற்றில் எல்லாக் குஞ்சுகளும் பிழைக்காவிட்டாலும் தொட்டி நிறையும் அளவுக்குப் பிழைக்கும். எல்லாமே பிழைத்துவிட்டால் என்ன செய்வது என்பது வேறு கதை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கப்பியில் ஒரு கண்டிப்பு தேவை. ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு அல்லது மூன்று என்ற கணக்கில் வாங்க வேண்டும். ஆண்கள் கூடிவிட்டால் பெண்களை ஓயாமல் துரத்தி இளைக்க வைத்துவிடும். விசிறிவாலும் பளபளப்பும் கொண்ட, வெளிநாட்டிலிருந்து வரும் உயர்சாதிக் கப்பிகளைக் கடைக்காரர் ஒரு தொட்டியில் தனியே வைத்திருக்கிறார். ஆனால் கேட்டால்தான் காட்டுகிறார். நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இணைசேர்க்கப்பட்ட அந்த வகைகள் நம் தண்ணீருக்கும் வெயிலுக்கும் எளிதில் வாடிவிடுகின்றன என்பது அவர் கருத்து. எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. பின்கட்டுச் சிமென்ட் தொட்டியில் கலந்து பிறந்த, வால் சிறுத்த, நிறம் ஒழுங்கற்ற கப்பிகள்தாம் உண்மையில் கவலையின்றிப் பெருகுபவை. பார்வைக்கு அவ்வளவு அழகில்லை என்று அவற்றைத் தவிர்ப்பவர்கள், குஞ்சு வேண்டுமா கண்காட்சி வேண்டுமா என்று முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

கப்பிக்கு அடுத்தபடியாக எண்ட்லர் என்னும் சிறுமீனை அவர் பரிந்துரைக்கிறார். 1975-இல் ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் வெனிசுவேலாவின் கடலோர ஏரி ஒன்றில் சேகரித்த இம்மீனுக்கு 2005-இல்தான் தனி இனமாக அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. கப்பியைவிடச் சிறியது, ஒரு ஈற்றில் குஞ்சுகளும் குறைவு, ஆனால் குஞ்சைத் தின்னும் பழக்கம் கப்பியை விடக் குறைவு. சூடான தண்ணீரை நன்றாகத் தாங்குகிறது. மேல்மாடி வீட்டுக்கு, சிறிய தொட்டிக்கு, இதைவிடப் பொருத்தமான மீன் அக்கடையில் இல்லை என்பது என் கணிப்பு. கப்பியோடு ஒரே தொட்டியில் விட்டால் இரண்டும் கலந்து ஈன்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பிளாட்டி, வாள்வால் மீன், மோலி ஆகியவையும் கிடைக்கின்றன. பிளாட்டி சோம்பேறி வளர்ப்பாளருக்கு ஏற்றது. வாள்வால் மீன் துள்ளி வெளியே விழும், மூடி வேண்டும். மோலிக்குத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. நகரத்தின் குழாய் நீர் பெரும்பாலும் லாகா, ஜோப்யூ போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. மழைநீரைத் தேக்கிய தண்ணீர் மென்மையாக, அதாவது சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, இருப்பதே இயல்பு. முட்டையிடாமல் குஞ்சு போடும் இந்த இனங்கள் யாவும் சுண்ணாம்புச் சத்துள்ள, பி.எச். அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏழுக்கு மேலுள்ள கடின நீரை விரும்புபவை. மென்னீரில் அவை உடனே இறந்துபோவதில்லை. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, ஓரிடத்திலேயே உடலை ஆட்டியபடி நின்று, ஈற்று ஈற்றாகக் குறைந்துகொண்டே போகும். இதைக் கண்டு நோய் என்று மருந்து ஊற்றுபவர்கள் பலர். கடைக்காரர் மருந்து தருவதில்லை. உடைத்துக் கழுவிய சிப்பி ஓட்டை ஒரு துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் அல்லது தொட்டியின் மூலையில் போட்டுவைக்கச் சொல்கிறார். ஓடு சிறிது சிறிதாகக் கரைந்து தண்ணீரைக் கடினப்படுத்தும். குழாய்க்கிணற்று நீருக்கு வேறு சிக்கல்: இரும்புச்சத்து. இறைத்தவுடன் தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் செம்மை படியும் தண்ணீரை ஒருநாள் அகலமான பாத்திரத்தில் வைத்துத் தெளியவிட்ட பிறகே தொட்டிக்கு எடுக்க வேண்டும்.

நம் நாட்டு மீன்களைப் பற்றிய அவரது நிலைப்பாடு என்னைச் சிந்திக்க வைத்தது. 2006-இல் ஷான் மாநிலத்தில் ஹோபோங் அருகே, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில், சிறு ஊற்றுக்குட்டைகளில் ஒரு மீன் கண்டுபிடிக்கப்பட்டது. நீலக்கருப்பு உடலில் முத்து முத்தாகப் புள்ளிகளும் செந்நிறக் கோடுள்ள துடுப்புகளும் கொண்ட, இரண்டு சென்டிமீட்டர் அளவே உள்ள அந்த மீன், கேலக்ஸி ரஸ்போரா என்ற பெயரில் உலகச் சந்தையைக் கலக்கியது. மறு ஆண்டே டைசன் ராபர்ட்ஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று செலஸ்டியல் பேர்ல் டேனியோ என்றும் வழங்குகிறது. அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்துவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்த வேளையில், தொட்டியிலேயே அது எளிதாக முட்டையிடுகிறது என்பது தெரியவந்தது. அடர்ந்த ஜாவா பாசி இருந்தால் நாள்தோறும் சில முட்டைகளை அதில் சிதறவிடும். மூன்று நான்கு நாளில் பொரிக்கும். பெரியவை முட்டைகளைத் தின்றாலும் பாசிக்குள் சில தப்பிப் பிழைக்கும். இவ்வகையில் பார்த்தால் தலையீடு இல்லாமல் பெருகும் மீனுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் அது குளிர்ந்த மலைநாட்டு மீன். 22 முதல் 25 டிகிரி வரை அதற்கு இதமானது. யாங்கோன் சித்திரையில் அது முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, நிறம் வெளுத்து, ஒவ்வொன்றாகக் குறையும். இன்லே ஏரியில் வாழும், 1918-இல் அன்னண்டேல் விவரித்த, நீலப்பச்சைப் பட்டைகள் கொண்ட குட்டி டேனியோவுக்கும் இதே கதைதான். கடலுக்கு அப்பாலிருந்து வந்த கப்பி இந்நகரின் வெயிலில் பேரன் பேத்தி எடுக்கிறது. இந்நாட்டிலேயே பிறந்த மீன் வாடுகிறது. 'டவுன்ஜியிலோ பின்ஊல்வினிலோ வீடு இருந்தால் வா, தருகிறேன்' என்று குளிர்ந்த மலையூர்களைக் குறிப்பிட்டு வாடிக்கையாளரிடம் சொல்வது கடைக்காரரின் வழக்கம். குளிர்மாதங்களில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சிறு கூட்டமாக விற்கிறார். வெயில் தொடங்குமுன் தொட்டியை வீட்டின் மிகக் குளிர்ந்த மூலைக்கு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு. சீனத்து வெண்மேக மலை மீனையும் இதே காரணத்தால் அவர் வாங்கி வைப்பதில்லை; அது 20 டிகிரிக்கு அருகில் வாழ விரும்புவது.

மின்வெட்டுக்கு அஞ்சாத மீன் வேண்டும் என்றால் கௌராமி வகைக்குத்தான் வர வேண்டும். இம்மீன்களின் தலைக்குள் செவுள் அருகே ஒரு சிறப்பு உறுப்பு இருப்பதால், அவை மேற்பரப்புக்கு வந்து நேரடியாகக் காற்றை விழுங்கிச் சுவாசிக்க இயலும். பம்ப் நின்றாலும் அவற்றுக்குக் கேடில்லை. பின்கட்டில் மூன்று பெரிய சாடிகளில் வளரும் முப்புள்ளிக் கௌராமிதான் கடையின் பெருமை என்பேன். ஆண் வாயிலிருந்து குமிழிகளை உமிழ்ந்து மிதக்கும் இலைகளுக்கு இடையே கூடு கட்டுகிறது. பெண் இட்ட நூற்றுக்கணக்கான முட்டைகளை அதில் வைத்துத் தானே காவல் காக்கிறது. முட்டைகள் ஏறக்குறைய ஒன்றரை நாளில் பொரிகின்றன. இதுவரை மனிதர் செய்வதற்கு எதுவும் இல்லை. சிக்கல் அதன் பிறகுதான்: குஞ்சுகள் மிக மிகச் சிறியவை, தூள் தீவனத்தைத் தின்ன அவற்றின் வாய் போதாது. தெளிந்த கண்ணாடித் தொட்டியில் அவை பட்டினியால் இறக்கும். வெயில் படும் சாடியில், பச்சை நிறம் ஏறிய பழைய தண்ணீரில், நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பதால் அவை தாமே தின்று வளர்கின்றன. ஆகவே மாடி முகப்பில் ஒரு சாடி வைக்க இடமிருப்பவருக்கு இது அருமையான மீன். கண்ணாடித் தொட்டி மட்டும் வைத்திருப்பவர் கூட்டையும் காவலையும் கண்டு மகிழலாம், குஞ்சை எதிர்பார்க்க வேண்டாம். சண்டை மீனும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும், அதில் இணைந்தவுடன் பெண்ணை அகற்ற வேண்டும், குஞ்சு நீந்தியவுடன் ஆணையும் அகற்ற வேண்டும். தானாகப் பெருகும் மீன்களின் வரிசையில் அதைச் சேர்க்க இயலாது.

சிக்லிட் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரிக்குதிரைபோல் கோடுள்ள கான்விக்ட் சிக்லிட்டைப் பெருகவிடாமல் தடுப்பதுதான் கடினம்; ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும் அழகுக்கு ஈடில்லை, ஆனால் தொட்டியில் வேறெதையும் வாழவிடாது. நைஜீரியாவிலிருந்து வந்த கிரிபென்சிஸ் நம் மென்னீருக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு சிறு மண்சட்டியைக் கவிழ்த்து விளிம்பில் ஓட்டை போட்டு வைத்தால், அந்தக் குகைக்குள் முட்டையிட்டு, பொரித்த குஞ்சுகளைத் தாய் கூட்டமாக அழைத்துக்கொண்டு உலாவும். தண்ணீர் அமிலத்தன்மை கூடியதாக இருந்தால் இம்மீனின் குஞ்சுகளில் ஆண்கள் மிகுந்துவிடும் என்பது ஆய்வில் அறியப்பட்ட செய்தி, ஆகையால் பி.எச். ஏழை ஒட்டி வைப்பது நல்லது. கடையில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் பிடித்து ஜோடி என்று விற்பதில்லை. தாமாக இணை சேர்ந்த ஜோடிகளையே தருகிறார்கள். இதனால் விலை கூடுதல்தான், ஆனால் அது நியாயமான விலை.

சிவப்பு இறால்களும், கண்ணாடியைச் சுத்தம் செய்யும் அன்சிஸ்ட்ரஸ் மீன்களும் உண்டு. இறால் வயிற்றில் முட்டைகளைச் சுமந்து, மூன்று நான்கு வாரங்களில், பெற்றோரின் சிறு வடிவமாகவே குஞ்சுகளை வெளிவிடும். நுண்தீவனத் தொல்லை இல்லை. ஆனால் 30 டிகிரிக்கு மேல் நீடித்த வெப்பம் அதற்கு ஆகாது. செப்புக் கலந்த மீன்மருந்து ஒரு துளி பட்டாலும் மொத்தக் கூட்டமும் போய்விடும். அன்சிஸ்ட்ரஸ் ஆண் ஒரு குகைக்குள் புகுந்து முட்டைகளைத் துடுப்பால் விசிறிக் காக்கும். குஞ்சுகள் மரக்கட்டையையும் பாசியையும் சுரண்டித் தின்று வளரும். மின்சாரம் ஓரளவு நிலையாக இருக்கும் வீட்டுக்கு மட்டும் இவ்விரண்டையும் பரிந்துரைக்கிறேன்.

இனிக் குறைகள். தொட்டிகளில் ஒட்டிய சீட்டுகள் பர்மிய மொழியில் மட்டும், அதுவும் கையெழுத்தில் உள்ளன. விலை எதிலும் இல்லை. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எழுதவில்லை என்கிறார்கள். அதில் உண்மை உண்டு என்றாலும், பலகையில் சாக்கட்டியால் எழுதி அழிப்பதற்கு என்ன தடை என்று தெரியவில்லை. ஒப்பிட்டுச் சொன்னால், பின்கட்டுக் கப்பி ஒரு ஜோடியின் விலை தேநீர்க்கடையில் ஒரு கோப்பைத் தேநீர் விலையை ஒட்டி இருக்கிறது. அன்சிஸ்ட்ரஸின் விலையோ மற்ற கடைகளைவிடத் தெளிவாகக் கூடுதல். தீவனத்தைப் பெரிய பையிலிருந்து பிரித்துச் சிறு பொட்டலங்களில் கட்டி விற்கிறார்கள். அதில் தயாரித்த நாளோ காலாவதி நாளோ கிடையாது. மழைக்காலத்து ஈரத்தில் மீன்தீவனம் விரைவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், தீவனத்தை மட்டும் மூடி முத்திரையிட்ட டப்பாவாக வேறு இடத்தில் வாங்குவதே பாதுகாப்பானது. பையில் உயிர்வளி நிரப்பித் தரும் வசதி இல்லை. வெறும் காற்றை அடைத்து ரப்பர் வளையம் போடுகிறார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது போதும். பாகோவுக்கோ மௌலமியானுக்கோ பேருந்தில் கொண்டுபோக நினைப்பவர் மூடியுள்ள வாளியோடு வருவது நல்லது.

மற்றொரு குறை வகைத்தூய்மை பற்றியது. பின்கட்டில் எல்லா நிறக் கப்பிகளும் ஒன்றாகப் பெருகுவதால், இன்ன நிறத்தில்தான் குஞ்சு வேண்டும் என்று கேட்பவருக்கு இக்கடை ஏற்றதன்று. கப்பி வாங்கும்போது ஆசனவாயில் சிவந்த நூல்போல் ஏதேனும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது எந்தக் கடையிலும் கட்டாயம். அது கமலானஸ் என்னும் குடற்புழு. ஆசியப் பண்ணைக் கப்பிகளில் அடிக்கடி காணப்படும் இப்புழு ஒரு மீனோடு வந்தால் தொட்டி முழுவதும் பரவி, பெண்களை மெலியவைத்துக் குஞ்சு போடுவதையே நிறுத்திவிடும். இங்கே புதிதாக வந்த மீன்களைத் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே விற்பனைத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். அத்தொட்டியின் வலையை மற்றத் தொட்டிகளில் நனைப்பதில்லை. நான் கவனித்தவரை இந்த ஒழுங்கு தவறவில்லை.

தேவைக்கு மேல் பெருகிவிட்ட மீன்களை என்ன செய்வது என்ற கேள்வி மீதம் இருக்கிறது. திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு நாள்களில் புண்ணியத்துக்காக மீன்களை நீர்நிலைகளில் விடும் வழக்கம் நம்மைச் சுற்றிலும் உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவது அது. ஆனால் தொட்டியில் பிறந்த கப்பியையும் சிக்லிட்டையும் கண்டாஜி ஏரியிலோ வாய்க்காலிலோ விடுவது அந்த வழக்கத்தில் சேராது. வேற்று நாட்டு மீன்கள் உள்ளூர்ச் சிறுமீன்களின் முட்டைகளைத் தின்றும் உணவில் பங்கு கேட்டும் அவற்றை ஒழித்துவிடக்கூடும். உலகில் வேறெங்கும் இல்லாத சிறுமீன்கள் சில ஷான் மலை நீர்நிலைகளில் வாழும் நாட்டில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். இக்கடை உபரிக் குஞ்சுகளை, நலமாக இருந்தால், திரும்ப வாங்கிக்கொள்கிறது. காசாகத் தருவதில்லை, அந்த மதிப்புக்குப் பாசியோ, சிப்பி ஓடோ, வேறு மீனோ எடுத்துக்கொள்ளலாம். கான்விக்ட் சிக்லிட் குஞ்சுகளை மட்டும் ஏற்பதில்லை. அவற்றை வாங்க ஆளில்லை என்று விற்கும்போதே சொல்லிவிடுகிறார்கள்.

கடை காலை ஒன்பது மணி அளவில் திறக்கிறது. மாலையில் விளக்குப் போய்விட்டால் சீக்கிரம் மூடிவிடுவார்கள். திஞ்சான் வாரம் முழுவதும் விடுமுறை. கோயில் தீமிதி நாளிலும் திறப்பதில்லை. மழைக்காலத்தில் தெருமுனையில் தண்ணீர் கட்டும். முதன்முறை போகிறவர் வீட்டுத் தண்ணீரை ஒரு சுத்தமான சீசாவில் பிடித்துக்கொண்டு போவது நல்லது; கட்டணம் வாங்காமல் பி.எச். அளவைப் பார்த்துச் சொல்கிறார்கள். முதல் தொட்டிக்கு எண்ட்லர் ஆண் இரண்டும் பெண் ஐந்தும், ஒரு பிடி வேலம்பாசி, கொஞ்சம் ஆகாயத்தாமரை, ஒரு பை சிப்பி ஓடு: இவ்வளவு வாங்கினால் போதும். தரைத்தளத்தில் வீடும் முகப்பில் ஒரு சாடிக்கு இடமும் உள்ளவர்கள் முப்புள்ளிக் கௌராமி ஒரு ஜோடியைச் சேர்த்துக் கேட்கலாம். சாடித் தண்ணீர் பச்சை நிறமாக மாறிய பிறகு வந்து வாங்கிக்கொள்ளும்படி அவர்களைத் திருப்பி அனுப்பினால் வருத்தப்பட வேண்டாம்.